தேத்தண்ணி இல்லாத கடை

தேத்தண்ணி ஊத்துறவருக்கு ஒரு வேலைதான். ரசம் ஊத்துறவளுக்கு ரெண்டு வேலை. ஒண்ணு ரசம் வைக்கிறது, இன்னொண்ணு "ஏன் தேத்தண்ணி இல்ல?"ன்னு கேக்குற ஒவ்வொருத்தருக்கும் பதில் சொல்றது. அடுப்புப் புகையில கண்ணு எரிஞ்சு, கிளாஸ் கழுவிக் கழுவி வெரல் வெளுத்துப் போன கடைக்காரக் கூட்டாளிங்களே, இது உங்களுக்குத்தான் வெளங்கும். மத்தவங்க சும்மா சிரிச்சுட்டுப் போகட்டும்.

ஹாஜியார் குடுத்த தவணை

பதுளை பஸ் ஸ்டாண்டுக்கு எதுத்தாப்புல, மருந்துக் கடைக்கும் செருப்பு விக்கிற சப்பாத்துக் கடைக்கும் நடுவுல இருக்கிற சின்ன அறைதான் நம்ம கடை. ஸ்டெல்லாங்கிற நானும் மல்லிகாவும் சேந்து நடத்துறோம். ரெண்டு பேரும் தெமோதரைப் பக்கத்துத் தோட்டம். அடுத்தடுத்த லயத்து வீடு, ஒரே மலையில பக்கத்துப் பக்கத்து நெரையில கொழுந்து பறிச்சவங்க. மழை நாள்ல பத்து மணித் தேத்தண்ணிக்குப் பதிலா நான் கேன்ல நெல்லிக்காய் ரசம் கொண்டு போவேன். ஆளுக்கு ஒரு மொடக்குன்னு வாங்கி வாங்கி, கடைசியில எனக்கு அடியில கெடக்கிற மண்டிதான் மிஞ்சும். "இந்தக் கூட்டத்துக்குச் சும்மா ஊத்துறத டவுன்ல போய் வித்தா என்னடி?"ன்னு மல்லிகாதான் மொதல்ல கேட்டா. கேட்டதோட விட்டாளா? என்னையும் இழுத்துக்கிட்டு தோட்டத்து ஆபீசுக்குப் போய், ரெண்டு பேரு பேரையும் வேலைப் புத்தகத்துலேருந்து வெட்டச் சொல்லிட்டுத்தான் மறுவேலை பாத்தா. தோட்டத்துல பேர வெட்டினவங்க திரும்பப் போய்க் கூடையத் தூக்குறது லேசுப்பட்ட காரியம் இல்லங்க. இந்தக் கடை விழுந்தா எங்களுக்குப் போக்கிடம் கெடையாது.

அறை ஹாஜியாரோடது. தைப்பொங்கல் கழிஞ்ச கையோட சாவி குடுக்க வந்தவரு, "என்னா விக்கப் போறீங்க?"ன்னு கேட்டாரு. நெல்லிக்காய் ரசம், சுடச்சுட, கிளாஸ்ல. கடிச்சுக்க வடையும் ரொட்டியும்னு சொன்னேன். "தேத்தண்ணி?"ன்னாரு. "கெடையாதுங்க"ன்னேன். அதுல எனக்கு ஒரு வீம்பு. ஒரு அடுப்புல தேத்தண்ணி கொதிச்சா, சனம் பழக்கதோசத்துல அதைத்தான் கேக்கும். என் ரசம் மூலையில ஆறிப்போய்க் கெடக்கும். சுத்தி எங்க பாத்தாலும் தேயிலை, நடுவுல தேத்தண்ணி இல்லாத கடையான்னு ஹாஜியாரு வயிறு குலுங்கச் சிரிச்சாரு. சிரிச்சு முடிச்சுட்டுச் சொன்னது இது.

"புள்ள, சித்திர வருசம் வரைக்கும் பாப்பேன், அதுக்குள்ள கட நிக்கல்லன்னா தேத்தண்ணிக்கட போட ஒரு மனுசன் காத்துக்கிட்டு ஈக்கிறாரு, அவருக்குக் குடுத்துருவேன், பொறகு என்னய ஏசப்படாது."

ஒரு மூட்டை பிஞ்சு

நெல்லிக்காய்க்கு லுணுகலைதான். அந்தப் பக்கத்துப் புல்லுமலையில காட்டு நெல்லி நெறைய உண்டு. அங்க தோட்டத்துல கொழுந்து பறிக்கிற ராசாத்தி, ஞாயித்துக்கெழமையில கூட்டாளிப் பொம்பளைங்களோட போய்ப் பறிச்சு பஸ்ஸில ஏத்தி விடுறதா ஒத்துக்கிட்டாங்க. மொத மூட்டைய அவங்களே கூட வந்து எறக்கினாங்க. மொகமெல்லாம் பெருமை. "ஒரு முத்தல் கூட இல்லீங்க, கொட்டிப் பாருங்க"ன்னாங்க. கொட்டினேன். அம்மாடி! அவ்வளவும் பிஞ்சு. பச்சைப்பசேல்னு, பாத்தா கண்ணுக்குக் குளிர்ச்சி. வாயில போட்ட மல்லிகா மொகம்தான் போன போக்கு தெரியல.

ரசத்துக்கு நல்லா முத்தி வெளிறின காய்தான் வேணும். வெந்ததும் கொட்டைய விட்டுச் சொளை சொளையா கழண்டு வரணும். பிஞ்சுல சாறும் இருக்காது, புளிப்பும் இருக்காது, வெறும் துவர்ப்புதான். எனக்கு மொதல்ல கோவம் வந்துச்சு, அப்புறம் சிரிப்பு வந்துருச்சு. நானும் அதே பொழப்புப் பொழச்சவதானே! வயசுக்கு வந்ததுலேருந்து தளிரத் தேடியே பழகின கை, முத்தலக் கண்டா தானா தாண்டிப் போயிரும். கண்ணு சொன்னாலும் கை கேக்காது. அந்தப் பிஞ்ச எல்லாம் உப்புத்தண்ணியில ஊறப்போட்டு, ரொட்டிக்குத் தொட்டுக்க வச்சோம். அதுக்கும் ஒரு கூட்டம் சேந்துச்சு, அது வேற கதை. ராசாத்தி கொஞ்சங்கூட அசரல.

"கொழுந்துல முத்தலப் போட்டா கணக்கப்புள்ள கூடையக் கொட்டிக் காட்டி ஏசுவாருங்க, நெல்லி மரத்துக்குன்னு இந்தக் கையத் தனியா பழக்கணும், கொஞ்சம் பொறுத்துக்கங்க."

வாயில ஊத்தித் துப்பின ஐயா

எங்க ரசத்துல பழப்புளி ஒரு பொட்டு கெடையாது. வெந்த நெல்லிக்காயப் பச்சை மிளகாய், இஞ்சியோட அம்மியில நசுக்குவோம். மிளகு, சின்னச் சீரகம், பூண்டு தனியா தட்டி வச்சுக்குவோம். பருப்பு வெந்த தண்ணியில எல்லாத்தையும் கரைச்சு, மஞ்சள் போட்டு, எவர்சில்வர் சட்டியில ஏத்துவோம். அலுமினியச் சட்டியில வச்சா புளிப்புக்கு அது கறுத்து, வாயில ஒரு வாடை நிக்கும். நுரை கூடி மேல வர்றப்ப எறக்கிறணும். தளதளன்னு கொதிக்க விட்டா கசந்து போயிரும். அந்த நேரத்துல மல்லிகா எங்கிட்ட பேச்சுக் குடுக்கவே மாட்டா. குடுத்தா என்ன கெடைக்கும்னு அவளுக்குத் தெரியும். எறக்கினதும் கடுகு, கறிவேப்பிலை, காஞ்ச மிளகாய், கொஞ்சம் பெருங்காயம் தாளிச்சுக் கொட்டினா, பஸ் ஸ்டாண்டுல நிக்கிறவங்க மூக்கு இந்தப் பக்கம் திரும்பும். இதைச் சொல்றப்ப எனக்குப் பெருமைதான். எதுக்கு மறைக்கணும்?

ஒரு நாள் காலையில நல்ல கூட்டம். வெள்ளைச் சட்டை போட்ட ஒரு ஐயா வந்து ஒரு கிளாஸ் கேட்டாரு. வாங்கி, வெளிச்சத்துல தூக்கிப் புடிச்சு நெறம் பாத்தாரு. மூக்குகிட்ட கொண்டு போனாரு. அப்புறம் 'ஸ்ஸ்ர்ர்'னு ஒரு இழுவை. கடையே திரும்பிப் பாத்துச்சு. வாய்க்குள்ள இந்தக் கன்னத்துக்கும் அந்தக் கன்னத்துக்குமா உருட்டிட்டு, கை கழுவுற தொட்டியில சளீர்னு துப்பிட்டாரு! வடை தின்னுக்கிட்டு இருந்த ஒரு குடும்பம் அப்படியே எந்திரிச்சுருச்சு. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறுச்சு. அகப்பையோட வெளிய வந்து, "என்னங்கய்யா, என் ரசத்துல என்னா செத்தா கெடக்கு?"ன்னு கேட்டுட்டேன். மனுசன் வெலவெலத்துப் போயிட்டாரு. பாவம், அவரு தேயிலை ஃபெக்டரியில டீமேக்கராம். தெனம் காலையில வரிசையா கோப்பைய வச்சு, உறிஞ்சி, ருசி பாத்து, துப்பித் துப்பியே பழகினவரு. எங்க இருக்கோம்ங்கிறது மறந்து போயிருக்கு. எந்திரிச்ச குடும்பத்துக்கிட்ட அவரே போய் மன்னிப்புக் கேட்டு ஒக்கார வச்சாரு. அப்புறம் இன்னொரு கிளாஸ் வாங்கி, எல்லாரும் பாக்க, ஒரு சொட்டு மிச்சமில்லாமக் குடிச்சாரு.

"ருசி பாக்குறத முழுங்குற வழக்கமே எனக்குக் கெடையாதும்மா, இத முழுங்கிட்டேன், இதவிடப் பெரிய சர்டிபிகேட் என்கிட்ட இல்ல."

சோமாவதியின் கருப்பட்டி

வாசல்ல லொத்தர் டிக்கெட் விக்கிற சோமாவதி சிங்களப் பொம்பள. நம்ம தமிழ நம்மள விட வேகமாப் பேசுவா. தெனம் ஒரு கிளாஸ் வாங்குவா. இடுப்பு முடிச்சுலேருந்து கித்துள் மரத்துக் கருப்பட்டித் துண்டு ஒண்ண எடுத்து ஒரு கடி, ரசம் ஒரு மொடக்கு, திரும்ப ஒரு கடி. பால் ஊத்தாத பிளேன்டீ குடிக்கிற அதே கணக்கு. மல்லிகாவுக்கு இதப் பாத்தாலே உடம்பெல்லாம் பத்தி எரியும். "ரசத்துக்கு எவளாவது கருப்பட்டி கடிப்பாளா?"ன்னு ஒரு நாள் வாய விட்டுட்டா. நான் ஒரு துண்டு வாங்கிக் கடிச்சுப் பாத்தேன். புளிப்பு, காரம், அதுக்கு மேல அந்த இனிப்பு. அடடா! மல்லிகாவுக்கு இன்னைக்கு வரைக்கும் சொல்லல, நான் அப்பப்ப அப்படித்தான் குடிக்கிறேன். அன்னைக்குச் சோமாவதி அவளத் திருப்பிக் கேட்டது இது:

"தேத்தண்ணிக்குக் கருப்பட்டி கடிச்சா பேசாம இருக்கீங்க, ரசத்துக்குக் கடிச்சா மட்டும் பொலிஸ் வருமா மல்லிகா?"

யோகு அண்ணன் செஞ்ச விளம்பரம்

லுணுகலையிலேருந்து எங்க நெல்லி மூட்டையக் கொண்டு வர்ற பஸ்ஸுக்கு யோகராஜாதான் கண்டக்டர். எல்லாருக்கும் யோகு அண்ணன். நல்ல மனுசன், ஆனா வாய்க்குப் பூட்டு இல்ல. மூட்டைய எறக்கிட்டு ஒரு கிளாஸ் குடிப்பாரு. அடுத்த நாள் பஸ்ஸில நின்னுக்கிட்டு, "பதுளையில எறங்குறவங்க ஸ்டெல்லா கடைக்குப் போங்க, முட்டி வலி போகும், முடி வளரும், சீனி எறங்கும்"னு கூவ ஆரம்பிச்சுட்டாரு. சனம் குமிஞ்சுது. மாசி மாசம் முழுக்க எங்களுக்கு ஒக்கார நேரமில்ல. ஹாஜியாரே ஒரு தரம் வந்து எட்டிப் பாத்துட்டு, தாடியத் தடவிக்கிட்டுப் போனாரு. நான் மட்டும் அண்ணன் வர்றப்பெல்லாம் சொல்லுவேன்: "அண்ணே, வாய்க்கு ருசியா இருக்கும், பசி எடுக்கும், தொண்டைக்கு எதமா இருக்கும், அவ்வளவுதான். இல்லாததையெல்லாம் சொல்லாதீங்க."

பங்குனியில ஒரு நாள், கிளாஸக் கையில வச்சுக்கிட்டு, "தங்கச்சி, உன் புண்ணியத்துல நான் சீனி வியாதிக்குப் போடுற மாத்திரைய நிப்பாட்டிட்டேன்"னு சந்தோசமாச் சொன்னாரு. எங்க பெரியப்பா ஒருத்தரு இப்படித்தான் மாத்திரைய விட்டுட்டு, காலு புண்ணாகி, காலையே எடுத்தாங்க. நான் ஒண்ணும் யோசிக்கல. அவரு கையிலேருந்த கிளாஸ வாங்கி மேசையில வச்சுட்டேன். "மாத்திரையப் போட்டுட்டு வாங்க, அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் ஊத்துறேன்"னேன். கடை நெறைய ஆளு. அண்ணனுக்கு மானம் போன மாதிரி ஆயிருச்சு.

"கூட்டத்தக் கொண்டாந்து விட்டவன் கையிலேருந்தே கிளாஸப் புடுங்குறியா, இனிமே என் பஸ்ஸிலேருந்து ஒரு குருவி கூட உன் கடைக்கு எறங்காது!"

விழுந்த கதை

சொன்னபடியே செஞ்சாரு. மூட்டைய மட்டும் தூரத்துலேயே எறக்கி வச்சுட்டுப் போயிருவாரு. வீட்டுல சம்சாரத்த நெல்லிக்காய் ரசம் வைக்கச் சொல்லி, போத்தல்ல ஊத்திக்கிட்டு வந்து குடிக்கிறாருன்னு கேள்வி. மாத்திரை மட்டும் கெடையாது. அப்புறம் ஒரு நாள் லுணுகலை ரோட்டுல, டிக்கெட் போட்டுக்கிட்டு இருந்தவரு அப்படியே சீட்டுல சாஞ்சுட்டாராம். அதே பஸ்ஸ நேரா ஆஸ்பத்திரிக்கு விட்டிருக்காங்க. சீனி எக்கச்சக்கமா ஏறியிருந்துச்சாம். செய்தி கேட்டதும் எனக்கு அழுகைதான் வந்துச்சு. போய்ப் பாக்கலாம்னா வார்டுக்குள்ள விடல.

ஊரு வாய் சும்மா இருக்குமா? "ஸ்டெல்லா கடை ரசம் குடிச்சுக் கண்டக்டர் விழுந்துட்டாரு"ன்னு பஸ் ஸ்டாண்டு பூரா பேச்சு. அவரு எங்க ரசத்த வாயில வச்சே பல நாள் ஆச்சுன்னு யாருக்குத் தெரியும்? கடை காத்து வாங்குச்சு. வச்ச ரசம் வச்சபடி இருந்துச்சு. மல்லிகா வாசல்ல நின்னு போறவங்க வர்றவங்களையெல்லாம் கூப்புட்டுப் பாத்தா, எல்லாரும் அடுத்த கடைச் சப்பாத்தப் பாக்குற மாதிரி திரும்பிக்கிட்டுப் போயிட்டாங்க. சித்திரை வேற கிட்ட வந்துக்கிட்டு இருந்துச்சு. தேத்தண்ணிக்கட போடக் காத்திருந்த மனுசன் ஒரு நாள் வந்து, வாசல்ல நின்னு அறைய மேலயும் கீழயும் அளவெடுத்துட்டுப் போனாரு. சப்பாத்துக்கடைத் தம்பி ரகசியம் மாதிரி என் காதுல வந்து சொன்னான்:

"அக்கா, கோவிச்சுக்காதீங்க, பேசாம ஒரு கெத்தல் தேத்தண்ணிய வச்சுட்டீங்கன்னா சனம் எல்லாத்தையும் மறந்துரும்."

பெரிய வெள்ளி

பெரிய வெள்ளிக்குக் கடை பூட்டு. ஆனா சிலுவைப்பாதை முடிஞ்சு வர்றவங்களுக்குக் கஞ்சியோட ஒரு சட்டி ரசமும் கொண்டாறேன்னு கோயில்ல முன்னாடியே வாக்குக் குடுத்திருந்தேன். அந்தப் பேச்சுக்கு அப்புறம் கொண்டு போறதா வேணாமான்னு மனசு கெடந்து தவிச்சுது. "சொன்னது சொன்னதுதான்"னு எங்க வீட்டுக்காரரு சட்டிய அவரு தலையில தூக்கி வச்சுக்கிட்டு முன்னால நடந்துட்டாரு. மல்லிகா முருகனைக் கும்புடுறவ, அவளும் வெள்ளிக்கெழமை விரதத்தோட கூடவே வந்தா. சனம் கஞ்சி வாங்குச்சு, துவையல் வாங்குச்சு. ரசச் சட்டிகிட்ட வர்றப்ப மட்டும் கோப்பைய மூடிக்கிட்டு ஒதுங்குச்சு. தெரிஞ்ச மொகம், கூடப் படிச்ச மொகம், எல்லாரும். எனக்குத் தரையில புதைஞ்சிரலாம் போல இருந்துச்சு.

மணியடிக்கிற சவரி அண்ணன் வந்தாரு. காலையிலேருந்து பச்சைத் தண்ணி பல்லுல படாத மனுசன். கோப்பைய நீட்டினாரு. ஊத்தினேன். குடிச்சாரு. எல்லாரும் அவரு மொகத்தையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க, விழப் போறாராங்கிற மாதிரி. அவரு வாயத் தொடச்சுக்கிட்டு, திரும்பக் கோப்பைய நீட்டினாரு. ரெண்டாவதையும் குடிச்சுட்டு ஒரு பெருமூச்சு விட்டாரு. அதுக்கப்புறம் சட்டி காலியாக ரொம்ப நேரம் ஆகல. எனக்குக் கண்ணுல தண்ணி நிக்கல, மல்லிகா முந்தானையக் குடுத்தா. அண்ணன் அடுத்துச் சொன்னத என்னமோ சத்தமாத்தான் சொன்னாரு.

"சிலுவையில தாகத்தோட தொங்கின ஆண்டவருக்குப் புளிச்ச காடியக் குடுத்த பாவிங்க, கொஞ்சம் மனசு வச்சு ஸ்டெல்லா ரசத்தக் குடுத்திருக்கக் கூடாதா?"

நானே எழுதின போர்டு

கோயில்ல சட்டி காலியானாலும் பஸ் ஸ்டாண்டுல பேச்சு அடங்கல. "யோகு அண்ணன் குடிச்சது நம்ம ரசமே இல்லன்னு போர்டு எழுதி மாட்டு"ன்னு மல்லிகா நச்சரிச்சா. அது உண்மைதான். ஆனா அத எழுதினா நம்ம தலை தப்பும், அவ்வளவுதான். நாளைக்கே இன்னொருத்தரு மாத்திரையத் தூக்கி வீசிட்டு ரசத்த நம்பி வந்து ஒக்காருவாரு. அவருக்கு யாரு சொல்றது? ஒரு பலகையத் தேடி எடுத்து, பெயின்ட் வாங்கி, என் கோணல் எழுத்துல நானே எழுதினேன்: 'இது ரசம். மருந்து இல்ல. மாத்திரை போட வேண்டியவங்க போட்டுட்டு வாங்க. போடாதவங்களுக்கு இங்க ரசம் கெடையாது.' கெடையாதுங்கிறத மட்டும் செவப்புல எழுதினேன்.

வாசல்ல மாட்டிட்டுத் தள்ளி நின்னு பாத்தேன். எனக்குப் புடிச்சிருந்துச்சு. மல்லிகா ஒவ்வொரு எழுத்தா வாசிச்சா. தலையில கைய வச்சுக்கிட்டு வாசப்படியிலேயே ஒக்காந்துட்டா.

"ஊரு ஒலகத்துல எல்லாரும் தன் சரக்கு எல்லா வியாதிக்கும் நல்லதுன்னு எழுதுவாங்க, நீ மட்டுந்தான்டி கடைக்கு நீயே பூட்டு வாங்கி மாட்டியிருக்க."

வாசல்ல ஒரு கண்டக்டர்

ரெண்டு மூணு நாள் கழிச்சு, காலையில கடை தொறக்குறப்ப வாசல்ல யோகு அண்ணன் நிக்கிறாரு. மெலிஞ்சு போயி, சட்டை தொளதொளன்னு. அவரு போர்ட வாசிச்சாரு. நான் அகப்பையக் கையில வச்சுக்கிட்டு அப்படியே நின்னேன். அவரு சட்டைப் பையிலேருந்து மாத்திரை அட்டைய எடுத்து, ஒண்ணப் பிரிச்சு, நாக்கு மேல வச்சு, எனக்குக் காட்டிட்டுத் தண்ணியோட முழுங்கினாரு. ரோட்டுல போறவங்க நின்னு பாத்தாங்க. "தங்கச்சி, இப்ப ஊத்துவியா?"ன்னாரு. கிளாஸ் வழிய வழிய ஊத்தினேன்.

வேலைக்குப் போக இன்னும் நாளாகும்னு டாக்டர் லீவு குடுத்திருக்காராம். வீட்டுல ஒக்கார முடியல அவருக்கு. எங்க வாசல்ல ஒரு ஸ்டூலப் போட்டுக்கிட்டாரு. உள்ள வர்ற ஒருத்தரு பாக்கியில்லாம நிப்பாட்டி, டிக்கெட் கேக்குற அதே கொரல்ல, "மாத்திரை போட்டாச்சா, மாத்திரை?"ன்னு கேப்பாரு. சனத்துக்கு இது ஒரு வேடிக்கை. வேடிக்கை பாக்க வந்தவங்க ஒரு கிளாஸ் குடிச்சாங்க. மருந்துக் கடையில மாத்திரை வாங்கிட்டு நேரா நம்ம கடைக்கு வந்து போட்டுக்கிறவங்க கூட உண்டு. கடை மறுபடியும் மூச்சு விட ஆரம்பிச்சுது. அண்ணன் ஒரு நாள் ஸ்டூல்ல இருந்தபடியே சொன்னாரு:

"பஸ்ஸில டிக்கெட் எடுக்காம ஏமாத்தினா கவுருமெண்டுக்குத்தான் நட்டம் தங்கச்சி, மாத்திரைய ஏமாத்தினா நமக்கே நட்டம், அத நான் பெட்டுல படுத்துத்தான் படிச்சேன்."

ஹாஜியாருக்கு இல்லன்னு சொன்ன நாள்

வருசப்பொறப்புக்கு மொத நாள். ஊரே துணிக்கடையில நிக்குது. ஹாஜியாரு வந்தாரு, கூடவே தேத்தண்ணிக்கட மனுசரு. ஹாஜியாரு கையில இந்த அறையோட இன்னொரு சாவி. கடை மூச்சு விட ஆரம்பிச்சு ஒரு வாரங்கூட ஆகல, 'நின்னுருச்சு'ன்னு எந்த வாயால சொல்றது? யோகு அண்ணனுக்கு ஹாஜியார யாருன்னே தெரியாது. கைய நீட்டி மறிச்சு, "பெரியவரே, மாத்திரை போட்டாச்சா?"ன்னுட்டாரு. ஹாஜியாரு போர்ட வாசிச்சாரு, சிரிச்சாரு. "எனக்கும் சீனிதான். காலையில அவசரத்துல போடல்ல. ஒரு நாள்தானே, பாதகமில்ல. எங்க ரெண்டு பேருக்கும் ஊத்து புள்ள"ன்னு வந்து ஒக்காந்தாரு.

மல்லிகா பின்னாலேருந்து என் இடுப்பக் கிள்ளி, "ஊத்திருடி, கடவுளே, ஊத்திரு"ங்கிறா. எனக்கும் ஊத்திரலாம்னுதான் தோணுச்சு. சாவி அவரு கையில இருக்கு. தோட்டத்துல பேர வெட்டியாச்சு. ஆனா அந்தச் செவப்பு எழுத்த யோகு அண்ணனுக்கு ஒரு மாதிரியும் ஹாஜியாருக்கு ஒரு மாதிரியும் வாசிக்கவா நான் எழுதினேன்? "ஹாஜியார், கோவிச்சுக்கக் கூடாது. போட்டுட்டு வாங்க, ஊத்துறேன்"னு சொல்லிட்டேன். ஹாஜியாரு என்னைய ஒரு பார்வை பாத்தாரு. சாவிய எடுத்துக்கிட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு. தேத்தண்ணிக்கட மனுசரு மட்டும் ஒக்காந்து, பொய்லர எந்த மூலையில வைக்கலாம்னு பாத்துக்கிட்டு இருந்தாரு. மல்லிகா அழுதுக்கிட்டே, கழுவின கிளாஸையே திரும்பத் திரும்பக் கழுவினா. நான் அழல. சட்டியில நுரை கூடிக்கிட்டு இருந்துச்சு, அத விட்டுட்டு அழ முடியாது.

அடுத்த சட்டிய எறக்குறேன், ஹாஜியாரு திரும்பி வர்றாரு. மேடேறி வீட்டுக்குப் போய் வந்திருக்காரு, நெத்தியெல்லாம் வேர்வை. மாத்திரை போட்டாச்சுன்னு அட்டைய யோகு அண்ணன்கிட்டக் காட்டிட்டு உள்ள வந்தாரு. "இப்ப ஊத்து"ன்னாரு. ஊதி ஊதி, பாதியில நிறுத்தாம குடிச்சாரு. கிளாஸ வச்சுட்டு, அந்தச் சாவிய மேசையில என் பக்கமாத் தள்ளி விட்டாரு. தேத்தண்ணிக்கட மனுசரு வாயத் தொறந்தாரு, ஹாஜியாரு அவரப் பேச விடல.

"புள்ள, இவர்ட்ட கேட்டிருந்தா சீனியும் போட்டே தேத்தண்ணி தந்திருப்பாரு, என்ட கட்டடத்துல எனக்கே இல்லன்னு செல்ற கட ஒண்ணு ஈக்கட்டும், அப்பதான் நான் இன்னம் கொஞ்ச காலம் உசிரோட ஈப்பேன்."

கேட்டதக் குடுக்கிறதுதான் யாவாரம்னு படிச்சுப் படிச்சுச் சொன்ன அத்தனை பேருக்கும் தெரிவிக்கிறது என்னன்னா, குடுக்க மாட்டேன்னு சொல்லியே கால் ஊன்றின கடை இந்தப் பதுளையில ஒண்ணு இருக்குன்னா, அது நம்ம கடைதானுங்க.